முதலில் பிளக் பாயின்ட், அப்புறம் கார்

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் 48 வீடுகள் உள்ள அப்பார்ட்மென்டில் சொந்த ஃபிளாட்டில் குடியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது 2016 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் வைட்ஃபீல்டு அலுவலகத்துக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன். ஒரு வழி 17 கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. இரண்டு வருடம் முன்பு 14 கொடுத்த மைலேஜ் இப்போது 11. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம், இன்ஜினே போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். வருடத்துக்கு நாலு தடவை மதுரைக்கும் இதே காரில்தான் போகிறோம். கணவர் மின்கார் வாங்கலாம் என்கிறார். அப்பா, 'நடுவழியில் நின்றுவிட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்' என்கிறார். அசோசியேஷனோ தீப்பிடிக்கும் என்று சொல்லி பார்க்கிங்கில் சார்ஜ் செய்யவே விடமாட்டேன் என்கிறது. கையில் 6 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன்தான். டெல்லி மாதிரி இங்கேயும் 10 வருட வண்டியை நிறுத்தச் சொல்வார்களா? என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டெல்லியில்கூட 10 வருடக் கணக்கு டீசல் வண்டிக்குத்தான், பெட்ரோலுக்கு 15 வருடம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு அது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. கர்நாடகத்தில் அப்படி ஒரு விதி இல்லை. உங்கள் ஆர்.சி. 2031 வரை செல்லும். ஆகவே அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. இந்தப் பயத்தில் நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் நிறையப் பேர். நீங்களும் அதைச் செய்துவிடாதீர்கள்.

அடுத்தது மைலேஜ். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. அதனால் இ20 போட்டால் மைலேஜ் குறைவது உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும்? எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6 முதல் 7 சதவீதம். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும் பழைய வடிவமைப்புக் கார்களுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது. இரண்டு வருடம் முன்பு நீங்கள் போட்டதிலேயே பத்து சதவீதம் எத்தனால் இருந்திருக்கும் என்பதால், உங்கள் விஷயத்தில் வித்தியாசம் 3, 4 சதவீதம்தான் வரவேண்டும். 14 கொடுத்த வண்டி 13.5 கொடுக்கலாம், எவ்வளவு மோசமென்றாலும் 13. உங்களுக்கு 14 போய் 11 ஆகியிருக்கிறது, அதாவது 21 சதவீத இறக்கம். மொத்தப் பழியையும் இ20 மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் வேறு கோளாறு அப்படியே கிடக்கும்.

முதலில் 11 என்பது சரியான கணக்கா என்று பாருங்கள். மீட்டரில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப். டேங்கை நிரப்பச் சொல்லி, குழாய் முதல் தடவை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் ரவுண்டாக ஆக்குகிறேன் என்று அமுக்க விடாதீர்கள். டிரிப் மீட்டரைச் சைபராக்குங்கள். 300 கி.மீ. ஓடியபின் அதே பம்பில் அதே முறையில் நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். இரண்டு தடவை செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்போதும் 11 என்றால், செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிப்போம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு இருக்க வேண்டும். பங்க் வரை ஓட்டிப் போய் சூடான டயரில் அதே எண்ணுக்கு அடித்தால் உண்மையில் 2, 3 பி.எஸ்.ஐ. குறைவாகத்தான் இருக்கும். அடுத்து பிரேக். நீங்கள் போகும் கே.ஆர்.புரம் வழியில் நிமிடத்துக்கு நாலு தடவை பிரேக் மிதிப்பீர்கள். இத்தனை வருடம் ஓடிய வண்டியில், முன் சக்கரத்தில் பிரேக் பேடைத் தாங்கும் காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருந்தால், காலை எடுத்தபிறகும் பேடு டிஸ்க்கை லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். நெரிசல் இல்லாத சாலையில் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கையை ரிம்முக்கு அருகில், தொடாமல், வைத்துப் பாருங்கள். நான்கில் ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் பிரச்சினை அங்கேதான். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் வேலை முடிந்தது, பாகம் எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

கிளட்சையும் பாருங்கள். காலியான சாலையில் நாலாவது கியரில் 40 வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் துள்ளி ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. நெரிசலில் 92,000 கி.மீ. ஓடிய கிளட்ச் வழுக்கினால் அது ஆச்சரியமில்லை.

அடுத்து, வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'எரர் கோடு இல்லை மேடம்' என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். கூலன்ட் வெப்பநிலை கால் மணி நேரம் ஓடியபின் 85-க்கு மேல் நிற்கிறதா? 70-லேயே நின்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். இந்த ஒரு கோளாறே மைலேஜில் ஒன்று ஒன்றரையைத் தின்றுவிடும், வண்டியை ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. இரண்டாவது எண், லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம். கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதுதான் அது. இ20-யால் அது கூட்டல் பக்கம் சில புள்ளிகள் ஏறியிருக்கும், அது சகஜம். கூட்டல் 10-ஐத் தாண்டினாலோ கழித்தல் பக்கம் போனாலோ ஆக்சிஜன் சென்சார், காற்றுக் கசிவு, இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். ஸ்பார்க் பிளக் சாதாரண நிக்கல் வகையானால் 30, 40 ஆயிரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழைய பில்லில் எப்போது மாற்றியது என்று பாருங்கள்.

இ20-யால் உங்கள் வண்டிக்கு உண்மையிலேயே வரக்கூடிய தொந்தரவு ரப்பரில்தான். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் எரிபொருள் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவை இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெல்ல மெல்ல உப்பும், பிறகு விரிசல் விடும். காலையில் பானட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசம் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வந்தால் அன்றைக்கே ஹோஸ் மாற்ற வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே ரயிலில் ஊருக்குப் போய் வண்டியை மூன்று வாரம் நிறுத்துகிறீர்கள் என்றால் டேங்கை முக்கால்வாசி நிரப்பிவிட்டுப் போங்கள். இத்தனையும் சேர்த்து, கிளட்ச் நீங்கலாக, 12 முதல் 18 ஆயிரத்துக்குள் முடியும். முடித்தபின் 13 கிடைத்தால் இந்த வண்டி இன்னும் நாலு வருடம் நன்றாகவே ஓடும்.

இனி மின்கார். 17 கி.மீ. போக 70 நிமிடம் என்றால், அதில் 25 நிமிடமாவது வண்டி நகராமல் நிற்கும். ஏசி ஓடும்போது நின்ற இடத்தில் உங்கள் இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். அந்த 25 நிமிடத்துக்கு 400 மில்லி. ஒரு வழிக்கு ஆகும் ஒன்றரை லிட்டரில் கால் பங்குக்கு மேல் நெரிசலுக்கே காணிக்கை. மின்கார் நின்றால் மோட்டாருக்குச் செலவில்லை, ஏசிக்கு மட்டும் மணிக்கு ஒரு யூனிட் போகும். பிரேக் பிடிக்கும்போது ஓரளவு மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும். பெட்ரோல் வண்டிக்கு மிக மோசமான சாலை மின்காருக்கு மிகச் சாதகமான சாலை. பெங்களூரு நெரிசலில் தினசரி ஓட்டுபவருக்கு மின்கார் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பணக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய், வீட்டு மின்சாரம் வரி உட்பட யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்த்தபின் பழைய கார் 13 கொடுத்தால் கி.மீ.க்கு 7.90 ரூபாய். மின்கார் ஊருக்குள், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கி.மீ. கொடுக்கும், அதாவது கி.மீ.க்கு 1.20. அலுவலகமும் மற்ற ஊர்ச் சுற்றலும் சேர்த்து மாதம் 1,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் வருடம் 12,000. மிச்சம் 80,000 ரூபாய். மதுரைப் பயணம் நாலும் சேர்ந்து 3,600 கி.மீ. அங்கே வெளியில் வேகச் சார்ஜருக்கு யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், மிச்சம் 13,000-ஐத் தாண்டாது. ஆயில், ஃபில்டர், பிளக் இல்லாததால் இன்னும் ஐந்தாறு ஆயிரம். ஆக வருடம் ஒரு லட்சத்தை ஒட்டி, மாதத்துக்கு 8,000 சொச்சம்.

மின்காருக்கு 10 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 20,750 ரூபாய். புது வண்டியின் காப்பீடும் பழைய வண்டியைவிட வருடத்துக்கு 25,000 ரூபாயாவது கூடும். ஆகவே 'பெட்ரோல் மிச்சத்திலேயே தவணை கட்டிவிடலாம்' என்று ஷோரூமில் சொன்னால், உங்கள் ஓட்டத்துக்கு அது பொருந்தாது. ஓடுகிற பழைய காரை மாற்றி மின்கார் வாங்கினால் பணம் மிச்சமாகாது. எப்படியும் புதுக் கார் வாங்கியே ஆக வேண்டும், பெட்ரோலா மின்சாரமா என்றுதான் கேள்வி என்றால் கணக்கு மாறுகிறது. விலை வித்தியாசம் 4, 5 லட்சம், அது ஐந்து வருடத்தில் திரும்பிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மின்காருக்கு முன்போலவே 5 சதவீதம்தான். அதனால் அந்த வித்தியாசம் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. கொட்டேஷனை இரண்டு பக்கமும் புதிதாக வாங்கிப் பாருங்கள்.

இவ்வளவும் வீட்டில் சார்ஜ் செய்ய முடியும் என்ற ஒரே நம்பிக்கையில் போட்ட கணக்கு. முழுக்க வெளிச் சார்ஜரை நம்பினால் கி.மீ.க்கு 1.20 என்பது 3.50-ஐத் தாண்டிவிடும், மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடும். வாரம் இரண்டு தடவை யாரோ ஒருவர் சார்ஜ் முடிப்பதற்காக வண்டியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் வெறுத்துப் போவீர்கள். எந்தக் கார் என்று தேடுவதற்கு முன் உங்கள் பார்க்கிங் இடத்துக்கு வயர் வருமா என்பதுதான் தீர வேண்டிய விஷயம்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வண்டிக்காரர் தன் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கின்றன. இதை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டத்தில் முதலில் நீட்ட வேண்டாம். சட்டத்தைக் காட்டினால் முகம் இறுகும். அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொன்னால்தான் வேலை நடக்கும்.

தீப்பிடிக்கும் என்ற பயம் அர்த்தமில்லாதது அல்ல. ஆனால் அது எங்கே பிடிக்கும் என்பதில்தான் தவறு செய்கிறார்கள். பேஸ்மென்டில் வரும் ஆபத்து பெரும்பாலும் சுவரில்தான். லிஃப்ட் பக்கத்தில் உள்ள சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு யாராவது திருட்டுத்தனமாகச் சார்ஜ் செய்வார்கள். அந்த சாக்கெட் கீசருக்காகச் செய்தது, அரை மணி நேரம் ஓடி நிற்பதற்கு. கார் அதில் 14, 15 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே தளர்ந்த ஸ்க்ரூ ஒன்று இருந்தால் போதும், அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு உருகும். அனுமதி மறுப்பதால் இது நிற்காது, மறைவாக நடக்கும். அசோசியேஷனிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

முறையான இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மின் அறையில் உள்ள உங்கள் சொந்த மீட்டரிலிருந்து தனி எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), அதிலிருந்து தனி கேபிள், கேபிள் டிரே வழியாக உங்கள் பார்க்கிங் வரை. இப்படிச் செய்தால் மின்கட்டணத்தில் ஒரு பைசாகூட அசோசியேஷன் தலையில் விழாது. கேபிள் கனத்தில் கான்ட்ராக்டர் கைவைக்கப் பார்ப்பார். மீட்டரிலிருந்து 50 மீட்டர் தூரம் என்றால் 2.5 சதுர மி.மீ. கம்பி 15 ஆம்பியரைத் தாங்கும் என்பார். தாங்கும்தான். ஆனால் கம்பி நீளத்திலேயே 12 வோல்ட் விழுந்து, 180 வாட் இரவு முழுக்க வெறும் சூடாகப் போகும். 6 சதுர மி.மீ. தாமிரம் போட்டால் விழுவது 5 வோல்ட், சூடாவது 75 வாட். சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் 16 ஆம்பியர் சாக்கெட்டோ சுவர்ச் சார்ஜரோ வையுங்கள். 7.2 கிலோவாட் சார்ஜர் வைப்பதாக இருந்தால் 32 ஆம்பியர் வரும். அதற்கு 10 சதுர மி.மீ. கேபிள் வேண்டும், பெங்களூரு மின் நிறுவனமான பெஸ்காமில் லோடும் ஏற்ற வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவையில்லை. தினம் 34 கி.மீ. ஓட ஆறு யூனிட், 3.3 கிலோவாட் சார்ஜர் இரண்டு மணி நேரத்தில் ஏற்றிவிடும். 3.3 போதும் என்று சொன்னாலே டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது என்ற வாதம் பாதி அடங்கிவிடும். நாளைக்குப் பத்துக் கார் வந்தாலும் 33 கிலோவாட். எல்லாரும் கீசரும் இண்டக்‌ஷனும் போடும் நேரத்தை விட்டு, இரவு 11 மணிக்கு மேல் டைமர் வைத்தால் கட்டடத்துக்கு அது பாரமே இல்லை.

கசிவுப் பாதுகாப்புக்கு ஆர்.சி.சி.பி. வைக்கும்போது, கடையில் சும்மா கேட்டால் கிடைப்பது டைப் ஏசி. காரின் சார்ஜரில் டி.சி. கசிவு வந்தால் அதற்குத் தெரியாமலே போகும். 30 மில்லி ஆம்பியர் டைப் ஏ கேளுங்கள், சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை கூடினாலும் டைப் பி-தான். எர்த்திங் இல்லாமல் எந்த நல்ல சார்ஜரும் வேலை செய்யாது. சிவப்பு விளக்கு எரிந்து நிற்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே லோடு ஓடும்போது 3 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் பிட்டைச் சரி செய்யாமல் மேலே போக வேண்டாம். 2022 செப்டம்பர் மழையில் பெங்களூரில் எத்தனை பேஸ்மென்ட் மூழ்கியது என்று நினைவிருக்கும். சாக்கெட் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையை அசோசியேஷனுக்கு ஒரு பிரதி கொடுங்கள், கட்டடக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடச் சொல்லுங்கள். செயலாளருக்குக் கையெழுத்துப் போடத் தைரியம் தருவது பெரும்பாலும் அந்த ஒரு தாள்தான்.

அனுமதி எழுத்தில் வந்துவிட்டது என்றால், எந்த அளவு பேட்டரி? விளம்பரத்தில் கிலோவாட் அவர் என்பதும் மின்கட்டணத்தில் யூனிட் என்பதும் ஒன்றுதான். வைட்ஃபீல்டுக்கு மட்டும் என்றால் 25 யூனிட் தாராளம். மதுரையும் இதே வண்டியில் என்றால் 45-க்குக் கீழே போகாதீர்கள். விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்தில் மெதுவாக ஓட்டி எடுத்தது. நாலு பேர், பெட்டி, ஏசி, 100 வேகம் என்றால் 45 யூனிட் வண்டி முழுச் சார்ஜில் 270 கி.மீ.தான் ஓடும். பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் கையில் இருப்பது 240. 90 வேகத்தில் போனால் 30, 40 கி.மீ. கூடும்.

அப்பாவின் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. வீட்டில் முழுச் சார்ஜோடு காலை நாலரைக்குக் கிளம்பினால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டிச் சேலம் வரை 200 சொச்சம் கி.மீ., ஒரே மூச்சில் போகலாம். அங்கே இட்லி சாப்பிட்டு முடிக்கும் முக்கால் மணி நேரத்தில் 60 கிலோவாட் சார்ஜரில் 25-லிருந்து 85 சதவீதம் ஏறிவிடும். 80-க்குமேல் வேகம் குறைந்துவிடும் என்பதால் நூறு வரை காத்திருப்பது வீண். நாமக்கல், கரூர் கடந்து திண்டுக்கல் பக்கம் இன்னொரு இருபது நிமிடம் போட்டால் நிம்மதியாக மதுரை சேரலாம். மொத்தத்தில் பெட்ரோல் காரைவிட அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கூடும்.

திரும்பும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பெங்களூரு மதுரையைவிடக் கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளும் சாமானும் சேர்ந்து 1,800 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்க நாலரை யூனிட் போகும், அதாவது 25 கி.மீ. தூரம். அதிலும் பாதி ஏற்றம் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, பயணத்தின் கடைசியில் வருகிறது. போகும்போது கிருஷ்ணகிரி வரை 90 கி.மீ.க்கு ஆன சார்ஜை நினைத்துக்கொண்டு வரும்போதும் அதே போதும் என்று விட்டால், அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரிசையில் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து ஏசியை அணைக்க வேண்டிவரும். திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது 45 சதவீதம் இருக்கட்டும். போகும்போது தொப்பூர் இறக்கத்தில் ரீஜெனை, அதாவது வேகம் குறையும்போது மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் வசதியை, உச்சத்தில் வைத்து இறங்குங்கள். பிரேக் சூடாகாது, இரண்டு மூன்று கி.மீ. சார்ஜும் திரும்பக் கிடைக்கும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய நாள் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒவ்வொரு சார்ஜரிலும் வரிசை நிற்கும். அந்த இரண்டு நாளும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புங்கள், அல்லது ரயிலில் போங்கள். எந்த நாளிலும் நீங்கள் நிறுத்தப்போகும் சார்ஜர் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு, அதற்கு 30 கி.மீ. முன்னால் உள்ள இன்னொன்றையும் குறித்து வைத்திருங்கள். ஆப்பில் பச்சையாகக் காட்டுவதை நம்பாமல், கடைசியாக எப்போது அங்கே ஒரு வண்டி சார்ஜ் ஏறியது என்று பாருங்கள்.

மதுரையில் அப்பா வீட்டில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும் நல்ல எர்த்தும் இருந்தால் இரவில் ஏறிவிடும், முழுக்க ஏற 12 மணி நேரம் வரை ஆகலாம். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும், முதல் பயணத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை போனால் 40 யூனிட் வரை எடுப்பீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் அப்பா கட்டும் விகிதமே மாறிவிடும். அவர் ஏற்கெனவே 480-ல் இருந்தால் உங்கள் 40 யூனிட்டால் பில் எகிறும். அந்தத் தொகையை அவர் கேட்கமாட்டார், நீங்களே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஷோரூமில் இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். வருமான வரியில் மின்கார்க் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்பார்கள். அந்த 80 இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியம் சொந்தக் கார்களுக்குக் கிடையாது. கர்நாடகத்தில் 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி வந்தது. உங்கள் பட்ஜெட் வண்டிக்குச் சாலை வரி எவ்வளவு என்பதை ஆன்ரோடு விலைப் பட்டியலில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். பேட்டரி வாரண்டி எட்டு வருடம் என்பது பரவலான அளவு. எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரியா என்றும் கேளுங்கள். வெயிலையும் தினசரி சார்ஜையும் அது நன்றாகத் தாங்கும். வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றினால்தான் மீட்டர் சரியான சதவீதத்தைக் காட்டும்.

ஆகவே என் யோசனை: இந்த மாதமே பழைய காரைப் பழுது பார்த்து 13-க்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் போடும் 15,000 விற்கும்போதும் பாதியாவது திரும்பும். அசோசியேஷனுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து மூன்று மாதம் பாருங்கள். அனுமதி வந்தால் 45 யூனிட் மின்கார், கேபிள் வேலை முடிந்த பிறகே புக்கிங் பணம். வரவில்லையென்றால் பழைய காரிலேயே தொடருங்கள். அந்த 6 லட்சம் வைப்பு நிதியில் இருக்கட்டும், அடுத்த பொதுக்குழுவில் மறுபடி கேளுங்கள். அதற்குள் கட்டடத்தில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

புக்கிங்குக்கு முன் ஒரு காரியம். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி உங்கள் பார்க்கிங்கில் நிறுத்திப் பாருங்கள். சில கார்களில் சார்ஜ் மூடி முன்பக்கம், சிலவற்றில் பின்சக்கரத்தின் மேல், இடது அல்லது வலது. கூட வரும் கேபிள் பெரும்பாலும் ஐந்து மீட்டர்தான். தூணில் சாக்கெட் வைக்கப்போகும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கேபிள் தொங்காமல், பக்கத்து வண்டிக்காரர் நடக்கும் வழியில் கிடக்காமல் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் சாக்கெட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதைக் கான்ட்ராக்டர் துளை போடுமுன் அங்கேயே சொல்லிவிடலாம்.